அஞ்சு கட்டைக்கு ஏத்து, மாப்ள

அன்புள்ள மாப்ள,

உன்ற கடுதாசி வந்துது. கொடிவேரியில தண்ணி நல்லாப் போகுது, தடப்பள்ளி வாய்க்கால் நெறஞ்சு ஓடுதுன்னு எழுதியிருந்தே. படிக்கவே மனசு குளுந்துபோச்சு. இங்க பொள்ளாச்சிப் பக்கம் தென்னை பூரா வெள்ளை ஈ. 2016ல வந்து எறங்குனது இன்னும் விட்டபாடில்ல. ஓலைக்கு அடியில சுருள் சுருளா முட்டை வெக்குது, கீழ இருக்கற ஓலையெல்லாம் கரிப்பூசணம் புடிச்சு நிக்குது. தண்ணியப் பீச்சிக் கழுவிட்டே இருக்கறோம். வீட்ல எல்லாரும் சௌக்கியம். தங்கச்சியக் கேட்டதாச் சொல்லு.

நீயே செஞ்ச சின்ன கிட்டாரோட போட்டோவ ரொம்ப நேரம் பாத்துட்டு இருந்தேன். பழைய கதவு நிலவுத் தேக்குல கழுத்து, பலாவுல பக்கமும் முதுகும், மேல மூணு மில்லி பிளைவுட். பேத்திக்கோசரம் இத்தனை பாடுபட்டிருக்கே, அது வேலையில தெரியுது. கழுத்தும் உடம்பும் சேர்ற எடத்துல ஒரு மயிரிழை இடைவெளி கூடக் காணோம். அதுக்கே உனக்கு ஒரு மாலை போடோணும்.

இப்ப நீ கேட்ட விசயம். 10 நம்பர் செட்டுப் (மொதக் கம்பி அங்குலத்துல ஆயிரத்துல பத்துப் பங்கு தடிமன்) போட்டு, எல்லாரும் வெக்கற மாதிரி தடிச்ச கம்பி ஈ (E) ஸ்வரத்துல இருந்து மெலிசுக் கம்பி ஈ-க்கு சேத்தா கம்பி தொளதொளன்னு மெட்டு மேல, கழுத்துல குறுக்கால பதிச்ச கம்பி மேல, அடிக்குது, அழுத்துனா சுருதி ஏறிப்போகுதுன்னு எழுதியிருக்கே. கடையில 12 நம்பர் செட்டுப் போடச் சொல்லியிருக்காங்க. போடலாமான்னு கேக்கறே.

கம்பியோட நீளம், அதோட அதிர்வு, தடிமன், இந்த மூணையும் பெருக்கு. அந்தப் பெருக்கலோட வர்க்கமாத்தான் இழுவை ஏறும், எறங்கும். கடையில விக்கற பெரிய கிட்டார்ல நீளம் சுமாரா 648 மில்லி. உன்றது 540. 648ஐ 540ஆல வகுத்தா 1.2, அதோட வர்க்கம் 1.44. அதே கம்பி, அதே ஸ்வரம்னா இழுவை 1.44ல ஒரு பங்காக் கொறஞ்சிரும். பெரிய கிட்டார்ல மொதக் கம்பி ஏழு கிலோவுக்குக் கொஞ்சம் மேல இழுக்கும். உன்றதுல அஞ்சு கிலோதான். தொளதொளன்னு இல்லாம வேற எப்படி இருக்கும்?

தடிமன 1.2 மடங்கு ஏத்துனா போன இழுவை திரும்பி வந்திரும். 10ஐ 1.2ஆல பெருக்கு, 12. அதனால கடையில சொன்னது தப்புக் கணக்கு இல்ல. விரலுக்கு விறைப்பு வரும், மெட்டுல அடிக்கறது கொறையும். ஆனா உன்னோட ரெண்டாவது தொந்தரவு, அழுத்துனா சுருதி ஏறுறது, அதுல தீராது. இத யாரும் சொல்லித் தர்றதில்ல, அதனால கொஞ்சம் வெலாவாரியாச் சொல்றேன்.

மெட்டுல அழுத்தறப்போ கம்பி துளி நீளுது. ஏற்கெனவே நல்லா நீண்டு விறைச்சு நிக்கற கம்பிக்கு அந்தத் துளி ஒரு பொருட்டே இல்ல. பாதி விறைப்புல நிக்கற கம்பிக்கு அது பெருசு, சுருதி துள்ளி மேல போயிரும். ஒரு வெறும் எஃகுக் கம்பி எவ்வளவு நீண்டு நிக்குதுங்கறத நீளமும் ஸ்வரமும்தான் முடிவு பண்ணுது. தடிமனுக்கு அதுல வேலையே இல்ல. தடிச்ச கம்பி அதிகமா இழுக்கும், ஆனா அந்த இழுவையப் பங்கு போட்டுக்க அதுக்கு அகலமும் சாஸ்தியா இருக்குதல்ல? நீளத்த நீ மாத்த முடியாது, கழுத்து ஒட்டியாச்சு. மாத்த முடிஞ்சது ஸ்வரம் ஒண்ணுதான்.

அதனால என்ற யோசனை, 10 செட்டையே வெச்சுக்க. மூணு அரை ஸ்வரம் மேல ஏத்தி, ஜி-யில இருந்து ஜி-க்கு சேரு. கீழ இருந்து மேல ஜி, சி, எஃப், பி ஃபிளாட், டி, ஜி. மூணு அரை ஸ்வரம்னா அதிர்வு 1.19 மடங்கு. நீளத்துல போன 1.2, அதிர்வுல கிட்டத்தட்ட அப்படியே வந்திருச்சு. பெரிய கிட்டார்ல மூணாவது மெட்டுல கேப்போ (எல்லாக் கம்பியையும் சேத்து அழுத்தற கவ்வி) போட்டு வாசிக்கற விறைப்புத்தான் உனக்குக் கெடைக்கும். கம்பி அறுந்துருமோன்னு பயப்படாத. அறுபடறதுக்கும் இதே கணக்குத்தான், பெரிய கிட்டார்ல ஈ-யில நிக்கற கம்பிக்கு இருக்கற பாரத்துக்கு மேல இதுல ஒண்ணும் ஏறல. ஆனா ஏ-ங்கற ஆறு கட்டை வரைக்கும் போகாத, அது உன்ற நீளத்துக்கு அதிகம்.

இதுல எனக்கு ரொம்பப் புடிச்சது வேற ஒண்ணு இருக்குது. பேத்தி பாட்டு கத்துக்கறா, அஞ்சு கட்டைக்குப் பாடறான்னு போன கடுதாசியில எழுதியிருந்தே. அஞ்சு கட்டைன்னா ஜி. இப்படி சேத்துட்டா, பழகுனவங்க மொத நாளே புடிக்கற ஈ கார்டு, அந்த விரல் புடி, அவளுக்கு அஞ்சு கட்டையா ஒலிக்கும். ஏ கார்டு புடிச்சா அது ஒரு கட்டை, உனக்குப் பாட வாகா இருக்கும். அந்த ஒரு கட்டைக்கு, ஆறாவது கம்பியும் அஞ்சாவது கம்பியும் சும்மா தட்டுனாலே பஞ்சமமும் சட்ஜமும் நிக்கும், கீழ தம்புரா மாதிரி ஓடிட்டே இருக்கும். கேப்போவே வேண்டாம். சின்ன கிட்டார்ல பெரிய கிட்டாரோட ஸ்வரத்த வரவெக்கப் பாக்கறதவிட, அதோட நீளம் கேக்கற ஸ்வரத்துக்கு விட்டுட்டா அது தானாப் பாடும்.

ஜி ரொம்ப உச்சமாத் தெரிஞ்சா 11 செட்டு வாங்கி எஃப்-ல, நாலு கட்டையில நிறுத்து. அதுவும் நல்லா இருக்கும். ஒண்ணு மட்டும் பண்ணீராத, 12 செட்டப் போட்டு ஜி-க்கும் ஏத்தீராத. 10 செட்டு ஜி-யில மொத்தமா அறுபது கிலோ கிட்ட இழுக்கும். 12 செட்டு அங்க போனா எழுபதத் தாண்டீரும், உன்ற பிளைவுட்டு வயிறு தள்ளீரும். 60ங்கறதே சின்ன பாரம் இல்ல. மொத நாள் ஈ-யில விடு, மறுநாள் எஃப், அதுக்கப்புறம் ஜி. ஒவ்வொரு தடவையும் பிரிட்ஜுக்கு, அதான் பலகை மேல கம்பிய மாட்டற கட்டைக்கு, பின்னாடி எஃகு ஸ்கேல நெட்டுக்க வெச்சு அடியில வெளிச்சம் தெரியுதான்னு பாரு. ஓரத்துல கொஞ்சம் தெரிஞ்சாப் பரவால்ல. அது நாளுக்கு நாள் கூடுச்சுன்னா ஒரு ஸ்வரம் எறக்கீரு.

வாங்கறப்போ அக்கூஸ்டிக் செட்டுத்தான்னு பாத்து வாங்கு. எலக்ட்ரிக் 10 செட்டுல மூணாவது கம்பி வெறும் கம்பி, அதுதான் சுருதியில ரொம்பத் துள்ளும். அக்கூஸ்டிக்ல அது சுத்துக் கம்பி, உள்ள இருக்கற எஃகு மெலிசு, அதனால ஒழுங்கா நிக்கும். பாஸ்பர் பிரான்ஸ் எடு. 80/20ன்னு விக்கறது 80 பங்கு செம்பு 20 பங்கு துத்தநாகம், நம்ம பித்தளைதான். புதுசுல பளபளன்னு பேசும், வேர்வைக் கைக்கு சீக்கிரம் மங்கீரும்.

நட்டையும், அதான் கழுத்து உச்சியில கம்பி காடியில உக்கார்ற சின்னக் கட்டையையும், பாத்துக்க. மூணாவது மெட்டுல அழுத்திப் புடிச்சுட்டு மொத மெட்டு மேல பாரு. கம்பிக்கும் மெட்டுக்கும் நடுவுல ஒரு காகிதம் போற இடைவெளி போதும். அதுக்கு மேல இருந்தா அதுவே மொத ரெண்டு மெட்டுலயும் சுருதிய ஏத்தீரும். காடிய எறக்க தனி அரம் வாங்க வேண்டியதில்ல, கேஸ் வெல்டிங் பட்டறையில நாசில் சுத்தம் பண்ற கம்பிக் கொத்து இருக்கும், அளவு அளவா, பல்லு வெச்சது. கோயமுத்தூர்ல எந்த டூல்ஸ் கடையிலயும் கெடைக்கும். முடுக்கறப்போ கம்பி ‘டிக்’குன்னு தாவுச்சுன்னா காடி புடிக்குதுன்னு அர்த்தம். பென்சில் கரியத் தேச்சுவிடு.

கடைசியா சேடில், பிரிட்ஜு மேல கம்பி ஏறி உக்கார்ற சின்னக் கட்டை. 12வது மெட்டுல லேசாத் தொட்டு வர்ற ஸ்வரமும், அழுத்தி வர்ற ஸ்வரமும் ஒண்ணா இருக்கோணும். அழுத்துனது ஏறி இருந்தா சேடில பின்னாடி தள்ளு, தடிச்ச கம்பிப் பக்கம் இன்னும் கொஞ்சம் அதிகமா. நீ சேடில் உக்கார்ற காடிய அகலமா வெட்டியிருக்கறதப் பாத்தேன், எடம் இருக்குது. இத ஜி-க்கு ஏத்தி கம்பி படிஞ்ச பொறவு பண்ணு, முன்னாடியே பண்ணுனா வேலை வீண்.

ஆடிக் காத்து பாலக்காட்டுக் கணவாய் வழியா இங்க இப்பவே அடிக்க ஆரம்பிச்சிருச்சு. கோபிக்கும் ஈரம் வந்து சேரும், மரம் கொஞ்சம் ஊதும், கம்பி ஒசரம் மாறும். ஆவணியில ஒருக்கா பாத்து சரி பண்ணு, அதுவரைக்கும் சேடில் ஒசரத்துல கை வெக்காத.

ஆவணி முகூர்த்தத்துக்கு நம்பியூர் வர்றோம். அப்படியே உன்ற வீட்டுக்கு வந்து ஒரு நாள் தங்கறோம். அந்த நாசில் கம்பிக் கொத்து என்றகிட்ட ரெண்டு செட்டு இருக்குது, ஒண்ணு கொண்டாறேன். ஜி-க்கு ஏத்துனதும் பலகை என்ன சொல்லுதுன்னு எழுது.

அன்புடன்,
உன்ற பொள்ளாச்சி மாப்ள