ஏழாம் வகுப்பின் ‘1983’ சுவர்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம்.

இந்தப் பருவத்தின் சமூக அறிவியல் செயல்திட்டத்துக்கு ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் 1983 என்ற ஒரே ஆண்டை எடுத்திருக்கிறார்கள். மாடி வராந்தாச் சுவரில் ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை ஒரு கோடு வரைந்து, அந்த ஆண்டில் உலகத்தில், இந்தியாவில், நம் வடசென்னையில் நடந்தவற்றை அட்டைகளாகத் தொங்கவிடப் போகிறார்கள். பாரிமுனையில் வாங்கும் ரெடிமேட் சார்ட்டும் பிரவுசிங் சென்டரில் எடுக்கும் கலர் பிரிண்ட்டும் இதற்கு வேண்டாம். அப்படி வந்தால் திருப்பி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். பிள்ளை தேடி, சரிபார்த்து, தன் கையால் எழுதியதாக இருக்க வேண்டும். அதற்கு உங்கள் உதவி எங்கெங்கே தேவை என்று சொல்லவே இந்தக் கடிதம்.

அந்த ஆண்டை ஏன் எடுத்தோம்? கேட்டுத் தெரிந்துகொள்ளப் பல வீடுகளில் தாத்தா பாட்டி இருக்கிறார்கள் என்பது முதல் காரணம். அதைவிட, அந்த ஆண்டின் பெரிய செய்திகள் பலவும் சென்னைக்குப் பக்கத்திலேயே நடந்தவை. ஏப்ரல் 17 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எல்.வி.-3 ராக்கெட் 41.5 கிலோ எடையுள்ள ரோகிணி செயற்கைக்கோளைச் சுமந்து சென்றது. ஜூலை 23 அன்று கல்பாக்கம் அணுமின் நிலையம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அக்டோபர் 19 அன்று, மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகருக்கு இயற்பியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அன்று அவருக்கு 73ஆவது பிறந்தநாள். டிசம்பர் கடைசி வாரம் சேப்பாக்கத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராகக் கவாஸ்கர் 236 ரன் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார். டெஸ்டில் அது அவருடைய 30ஆவது சதம். பிராட்மேனின் 29ஐத் தாண்டியது நம் ஊரில்தான்.

நம் பகுதிக்கு மிக நெருக்கமானது தண்ணீர். 1983இல் சென்னையில் கடும் தண்ணீர்த் தட்டுப்பாடு. கிருஷ்ணா நீரைச் சென்னைக்குக் கொண்டுவர ஆந்திராவும் தமிழ்நாடும் ஏப்ரல் 18 அன்று ஒப்பந்தம் செய்தன. மே 25 அன்று பிரதமர் இந்திரா காந்தி சென்னையில், அந்த நீரைக் கொண்டுவரும் தெலுங்கு கங்கைத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். எம்.ஜி.ஆர்., என்.டி.ராமராவ் என இரு மாநில முதல்வர்களும் திரையிலிருந்து வந்தவர்கள். ராமராவ் பதவியேற்றதும் அதே ஆண்டு ஜனவரியில்தான். பிள்ளைகள் வழக்கமாகத் தவறும் இடம் இது: ‘1983இல் கிருஷ்ணா தண்ணீர் வந்தது’ என்று எழுதிவிடுவார்கள். அந்த ஆண்டு கையெழுத்தும் தொடக்க விழாவும்தான். தண்ணீர் பூண்டி ஏரிக்கு வந்து சேர்ந்தது 1996இல்.

இனி அட்டையின் வேலை. ஒரு முழுச் சார்ட்டை எட்டாக வெட்டினால், ஏறக்குறைய 28 செ.மீ. உயரமும் 18 செ.மீ. அகலமும் உள்ள எட்டு அட்டைகள் கிடைக்கும். சார்ட்டைப் பள்ளியே தரும். ஒரு பிள்ளைக்கு மூன்று அட்டை: உலகத்துக்கு நீலம், இந்தியாவுக்குப் பச்சை, நம் பகுதிக்கும் வீட்டுக்கும் சிவப்புக் கரை. மேலே தேதியும் கிழமையும் ஊரும். நடுவில் பிள்ளை வரைந்த படம். அதன் கீழே 25 சொல்லுக்கு மிகாமல் சொந்த வாக்கியம். அடியில் அந்தச் செய்தி எங்கே கிடைத்தது என்ற விவரம். ‘கூகுள்’, ‘யூடியூப்’ என்று மட்டும் எழுதினால் ஏற்க மாட்டோம். எந்த நாளிதழ், எந்தத் தேதி, எந்தப் புத்தகம், எத்தனையாவது பக்கம், அல்லது யார் சொன்னது என்று இருக்க வேண்டும். ஒரு செய்திக்கு ஒன்றையொன்று பார்த்து எழுதாத இரண்டு ஆதாரம் தேவை. இணையத்தில் பத்துப் பக்கங்கள் ஒரே வாக்கியத்தைச் சொன்னால் அது ஒரே ஆதாரம்தான்.

கிழமை பார்க்க வீட்டில் 2022ஆம் ஆண்டு காலண்டர் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். இரண்டும் சனிக்கிழமையில் தொடங்கும் ஆண்டுகள், பிப்ரவரிக்கு 28 நாள், ஆகவே ஆங்கிலத் தேதியும் கிழமையும் அப்படியே பொருந்தும். பண்டிகை, அமாவாசை, தமிழ்த் தேதி இவற்றுக்கு மட்டும் அதை நம்ப வேண்டாம்.

சுவரில் ஒரு நாளுக்கு 2 செ.மீ. மொத்தம் 7 மீட்டர் 30 செ.மீ. ஜூன் 18 ஆண்டின் 169ஆவது நாள். அந்தத் தேதியின் நூலைக் கட்டும் ஆணி 338ஆவது செ.மீ.யில். ஜூன் 25க்கு 352. இடைவெளி 14 செ.மீ., அட்டையோ 18 செ.மீ. அகலம், ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அப்போது அட்டையைப் பக்கவாட்டில் தள்ளலாம், ஆனால் தேதியிலிருந்து வரும் நூல் தன் ஆணியை விட்டு நகரக் கூடாது. போன முறை சுவர்க்கோடு செய்த வகுப்புகள் இடமில்லை என்று அட்டையோடு ஆணியையும் நகர்த்தியதால் வரிசையே குலைந்தது.

அந்த இரண்டு நாட்களும் எதற்கு என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஜூன் 18, சனிக்கிழமை. இங்கிலாந்தின் டன்பிரிட்ஜ் வெல்ஸ் மைதானத்தில் ஜிம்பாப்வேக்கு எதிராக 17 ரன்னுக்கு 5 விக்கெட் போன பின் கபில் தேவ் ஆட்டமிழக்காமல் 175 எடுத்தார். அதே நாளில் அமெரிக்காவில் சேலஞ்சர் விண்கலத்தில் ஏறி, விண்வெளிக்குச் சென்ற முதல் அமெரிக்கப் பெண் ஆனார் சாலி ரைடு. சுவரில் பச்சை அட்டையும் நீல அட்டையும் ஒரே நேர்க்கோட்டில் மேலும் கீழுமாகத் தொங்கும். ஒரு ஆண்டை மொத்தமாக எடுப்பதில் எனக்குப் பிடித்ததே இதுதான். தனித்தனிப் பாடமாகப் படித்தால் இந்த இரண்டும் பிள்ளையின் கண்ணில் சேர்ந்து படவே படாது. ஜூன் 25 லார்ட்ஸில் உலகக் கோப்பை கிரிக்கெட் இறுதிப் போட்டி: இந்தியா 183, மேற்கிந்தியத் தீவுகள் 140. அந்த ஆட்டத்தில் அதிக ரன் எடுத்தவர் நம்மூர் ஸ்ரீகாந்த், 38. உலகக் கோப்பையை எல்லோரும் கேட்பார்கள் என்பதால் வகுப்பாசிரியரிடம் பெயர் பதிந்த ஒருவருக்கு மட்டுமே அது கிடைக்கும்.

தேதிச் சிக்கல் ஒன்று. இன்சாட்-1பி செயற்கைக்கோளோடு சேலஞ்சர் கிளம்பியது ஆகஸ்ட் 30, புளோரிடாவில் பின்னிரவு இரண்டரை மணி, நமக்கு நண்பகல். ஆஸ்கர் விழாவில் ‘காந்தி’ படம் எட்டு விருது வாங்கியதும், உடை வடிவமைப்புக்காக பானு அத்தையா ஆஸ்கர் பெற்ற முதல் இந்தியரானதும் அங்கே ஏப்ரல் 11 இரவு. இங்கே ஏப்ரல் 12 காலை. நிகழ்ச்சி நடந்த ஊரின் தேதியையே போட வேண்டும். நாளிதழில் தேடும்போது மட்டும் அடுத்த நாள், சில சமயம் அதற்கும் அடுத்த நாள் இதழைப் பார்க்க வேண்டும்.

சினிமா, பாட்டு, விளையாட்டுப் பொருள் ஆகியவற்றில் ஆண்டு எளிதில் வழுக்கும். ‘காந்தி’ 1982இல் வெளியான படம், விருதுதான் 1983. மைக்கேல் ஜாக்சனின் ‘திரில்லர்’ ஆல்பம் வந்தது 1982 நவம்பர். மேடையில் அவர் முதன்முதலில் ‘மூன்வாக்’ ஆடியது 1983 மார்ச். கைபேசிக்கு அமெரிக்க அரசு அனுமதி கிடைத்தது 1983, கடைக்கு வந்தது 1984. ஜூலை 15 அன்று நின்டெண்டோவின் ஃபேமிகாம் வீடியோ கேம் ஜப்பானில் மட்டும் விற்பனைக்கு வந்தது. ‘1983இல் பிள்ளைகள் நின்டெண்டோ விளையாடினார்கள்’ என்று பொதுவாக எழுதினால், ராயபுரத்திலும் விளையாடினார்கள் என்று படிப்பவர் எண்ணிவிடுவார்.

இலங்கையில் ஜூலை 24 இரவு கொழும்பில் தொடங்கித் தமிழர்கள்மீது நடந்த வன்முறையும் இந்தச் சுவரில் இருக்கும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அதை மறைக்க வேண்டியதில்லை. என்ன நடந்தது, மக்கள் ஏன் கடல் கடந்து தமிழ்நாட்டுக்கு வந்தார்கள் என்று நிதானமாகச் சொல்லுங்கள். காயம்பட்டவர்கள், எரிந்த உடல்கள் உள்ள படங்களைத் தேட விடாதீர்கள். புழல், கும்மிடிப்பூண்டி முகாம்களில் உறவினர் உள்ள பிள்ளை உடன் படிக்கலாம். அந்தப் பிள்ளையைக் கதை சொல்லச் சொல்லி யாரும் வற்புறுத்தக் கூடாது. இந்த அட்டையை ஆசிரியர் கூட இருந்து எழுதவைப்பார். யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டதைப் பலர் இந்த ஆண்டோடு சேர்த்துச் சொல்வார்கள், அது 1981.

சிவப்பு அட்டைக்குத்தான் உங்கள் நேரம் வேண்டும். ‘1983இல் என்ன நடந்தது பாட்டி?’ என்று கேட்டால் யாருக்கும் நினைவு வராது. முதலில் சொந்த வாழ்க்கையைப் பிடிக்கச் சொல்லுங்கள்: அப்போது எந்தத் தெருவில் குடியிருந்தீங்க, கல்யாணம் ஆகிவிட்டதா, அப்பா பிறந்தாச்சா, தாத்தா பின்னி மில்லிலா, ஹார்பரிலா? அதன்பின் தண்ணீர் எங்கே பிடித்தீங்க, எத்தனை குடம், யார் வீட்டில் டிவி இருந்தது, மேட்ச் ரேடியோவிலா? ஆண்டு குழம்பினால் வேலி போட்டுக் கேட்கலாம். இந்திரா காந்தி இறந்தது 1984 அக்டோபர், மூர் மார்க்கெட் எரிந்தது 1985 மே. ‘அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?’ என்றால் பெரும்பாலும் பதில் தெளிவாகிவிடும். நாள் தெரியாமல் ‘கோடைக்காலம்’ என்றுதான் நினைவிருக்கிறதா? அப்படியே எழுதுங்கள், ஏப்ரலிலிருந்து ஜூன் வரை ஒரு சிவப்பு நாடா ஒட்டி அதில் தொங்கவிடுவோம். ஒரு தேதியை ஊகித்துப் போட வேண்டாம். பாட்டி சொன்னது நாளிதழோடு மாறுபட்டால் பாட்டியைத் திருத்தாமல் இரண்டையும் எழுதலாம்.

பழைய ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை, மில் பாஸ், பின்புறம் தேதி எழுதிய போட்டோ எல்லாம் நல்ல சான்றுகள். அசலைப் பள்ளிக்கு அனுப்பாதீர்கள். கைபேசியில் படமெடுத்து, முகவரியையும் எண்களையும் மறைத்து அனுப்பினால் போதும். அப்போது ராயபுரம், தண்டையார்பேட்டை, பெரம்பூர் மாநகராட்சிக்குள். திருவொற்றியூர், மணலி, மாதவரம் 2011இல்தான் சேர்ந்தன. ஊர் பெயர் எழுதும்போது இதைக் கவனிக்கவும்.

பழைய நாளிதழ்களுக்கு எழும்பூர் கன்னிமாரா நூலகம் இருக்கிறது. பிள்ளையைத் தனியாக அனுப்பாமல் பெரியவர் ஒருவர் கூடச் செல்லுங்கள். தேடும் தேதிகளை முன்பே தாளில் எழுதிக்கொண்டு போனால் நேரம் மிச்சம். போக முடியாத வீடுகளின் தேதிகளை வகுப்பாசிரியரிடம் கொடுத்தால் நாங்களே பார்த்து வருகிறோம். அட்டை எழுதும் முன் பென்சில் பிரதியைக் காட்ட வேண்டும். தேதி சரியான பிறகே மை.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்