சத்தம் வரவில்லை என்றால் சரியாகிவிட்டதா?

பச்சிளங்குழந்தைகளைப் பரிசோதிக்கும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும்,

வணக்கம். என் மகளின் இடது இடுப்பு மூட்டு விலகியிருப்பது தெரியவந்தபோது அவளுக்கு 14 மாதம். நடக்க ஆரம்பித்து இரண்டு வாரம் இருக்கும். ஒவ்வோர் எட்டு வைக்கும்போதும் இடப்பக்கமாகச் சாய்ந்து போனாள். புதிதாக நடக்கிற பிள்ளை தள்ளாடத்தான் செய்யும் என்றார்கள். அவளுக்கு வலியும் கிடையாது, அழுகையும் கிடையாது. யாருக்கு எப்படிச் சந்தேகம் வரும்?

எனக்கு நாலாவது மாதமே வந்தது. டயப்பர் மாற்றும்போது வலது கால் தாராளமாக விரியும். இடது கால் பாதியில் முட்டிக்கொண்டு நிற்கும். தடுப்பூசிக்குப் போன இடத்தில் சொன்னேன். மருத்துவர் தொடைகளைப் பிடித்து ஒருமுறை அசைத்துப் பார்த்துவிட்டு, "சத்தம் எதுவும் வரல, நார்மல்தான்" என்றார். நானும் நம்பி வந்துவிட்டேன்.

அந்தச் சத்தத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். விலகிய தொடை எலும்பின் தலை, இடுப்பெலும்பில் உள்ள கிண்ணம் போன்ற குழிக்குள் திரும்பி விழுவதைக் கையில் உணர்வது ஆர்ட்டொலானி சோதனை. உள்ளே இருப்பது வெளியே நழுவுகிறதா என்று பார்ப்பது பார்லோ சோதனை. இரண்டுமே முதல் இரண்டு மூன்று மாதம்தான் கைகொடுக்கும். அப்புறம் தசைகள் இறுகிவிடும், வெளியே போன தலை வெளியிலேயே தங்கிவிடும். நாலு மாதத்தில் எதுவும் நழுவவில்லை என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அப்போது பார்க்க வேண்டியது கால் எவ்வளவு விரிகிறது என்பதை. மல்லாக்கப் படுக்கவைத்து முழங்கால்களை மடக்கினால் இரண்டும் ஒரே உயரத்தில் நிற்கின்றனவா என்றும் பார்க்கலாம். இரண்டு பக்கமும் விலகியிருந்தால் ஒப்பிட நல்ல பக்கம் இருக்காது, அதையும் மறக்க வேண்டாம். (தொடை மடிப்புகள் இரண்டு பக்கமும் ஒரேமாதிரி இல்லாததை மட்டும் வைத்து யாரையும் பயமுறுத்தாதீர்கள், நல்ல இடுப்புள்ள குழந்தைகளுக்கும் அப்படி இருக்கும்.)

இன்னொன்று. என் மகள் வயிற்றில் கடைசிவரை தலை திரும்பாமல் பிட்டம் கீழாகவே இருந்தவள். அதோடு பெண் குழந்தை, தலைப்பிள்ளை. எல்லாம் அவள் கோப்பின் முதல் பக்கத்திலேயே இருந்தது. இப்படிப்பட்ட குழந்தைக்குக் கைச் சோதனை சரியாக இருந்தாலும் ஆறு வாரத்தில் இடுப்பு ஸ்கேன் எடுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

அன்றே கண்டிருந்தால் பாவ்லிக் பட்டையோடு முடிந்திருக்க நிறைய வாய்ப்பு. தோளிலிருந்து பாதம்வரை வரும் துணிப்பட்டைதான் அது. கால்களை மடக்கி விரித்து வைக்கும், பிள்ளை உதைத்து விளையாடலாம். கிண்ணத்தில் உட்கார்ந்த தலையே கிண்ணத்தை ஆழமாக்கிவிடும். ஆறு மாதத்துக்கு மேல் அது பெரும்பாலும் பலிக்காது.

எங்களுக்குக் கிடைத்தது மயக்க மருந்து, தொடை இடுக்கில் தசைநார் வெட்டு, மார்புக்குக் கீழிருந்து கணுக்கால்வரை மாவுக்கட்டு. மூன்று மாதம், நடுவில் ஒருமுறை மாற்றி. சின்ன டயப்பரைக் கட்டின் இடைவெளிக்குள் விரலால் செருகி, அதன்மேல் பெரியதைக் கட்ட வேண்டும்; கொஞ்சம் பிசகினால் கட்டு நனைந்து நாறும். நடக்கக் கற்றவள் தவழவும் முடியாமல் கிடந்தாள். கட்டைப் பிரித்தபோது தோல் செதில் செதிலாக உரிந்தது, கால் குச்சியாக இருந்தது. எலும்புத்தலைக்கு ரத்த ஓட்டம் குறைந்திருக்குமோ என்ற பயம் வேறு.

அதனால் கேட்கிறேன். நடக்கும்வரை ஒவ்வொரு முறையும் கால்களை விரித்துப் பாருங்கள், அரை நிமிட வேலை. கால்களை நீட்டி இறுக்கிச் சுற்ற வேண்டாம் என்று பெற்றவர்களிடம் சொல்லுங்கள். கால் விரியவில்லை என்று ஒரு தாய் வந்து சொன்னால் அன்றைக்கே ஸ்கேனுக்கோ, நாலைந்து மாதம் தாண்டியிருந்தால் எக்ஸ்ரேவுக்கோ எழுதிக்கொடுங்கள்.

மகளுக்கு இப்போது நாலு வயது, ஓடுகிறாள். போன எக்ஸ்ரேயில் கிண்ணம் இன்னும் ஆழம் போதவில்லை. அடுத்ததிலும் அப்படியே இருந்தால் இடுப்பெலும்பை வெட்டிச் சாய்த்து வைக்க வேண்டுமாம். அதற்கு ஆறு மாதம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு தாய்