அம்மாவின் கைப்பேசியில் இரண்டு புள்ளிகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கைப்பேசித் திரையை அணைக்காமல் எரியவிட்டால் கெட்டுப்போகுமா என்ற பேச்சு எங்கள் சுங்கை சிப்புட் ஒட்டுக்கடைகளில் அடிக்கடி எழுகிறது. வெடித்துவிடும் என்பார் ஒருவர், ஒன்றும் ஆகாது என்பார் அடுத்தவர். என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

என் அம்மாவுக்கு 83 வயது. நாற்பது வருடத்துக்கு மேல் ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போக விடிகாலை நாலு மணிக்கு எழுந்த உடம்பு இன்னும் அதே கணக்கில்தான் இருக்கிறது. இரவில் இரண்டு மூன்று முறை விழித்து மணி பார்ப்பார். கண் மங்கிவிட்டதால் சுவர்க் கடிகாரம் தெரிவதில்லை. அதனால் கறுப்புத் திரையில் பெரிய வெள்ளை எண்களாக மணி காட்டும் செயலி ஒன்றைப் போட்டு, சார்ஜரில் செருகி, திரை அணையாதபடி தலைமாட்டில் வைத்துக் கொடுத்தேன். செய்தது நான்தான், அவர் அல்ல.

இன்னொரு காரணமும் உண்டு. தொடுதிரை விரலின் மின்தன்மையை உணர்ந்து வேலை செய்வது. வெட்டுக் கத்தி பிடித்துக் காய்த்து வறண்டுபோன அம்மாவின் விரலை அது பல சமயம் கண்டுகொள்வதே இல்லை. நாலைந்து முறை தடவியும் திறக்காமல், தங்கச்சி ஜோகூரிலிருந்து கூப்பிட்டதை எடுக்க முடியாமல் ஒருநாள் அழுதுவிட்டார். “அணைஞ்சா எனக்குத் தெறக்க வராதுய்யா, எரியட்டும்” என்றார். அதன்பின் அணைக்க எனக்கு மனம் வரவில்லை.

எட்டு மாதம் இரவும் பகலும் எரிந்தது. பேரன் காணொளியில் அழைத்தபோதுதான் கவனித்தேன். அவன் முகத்தின் நடுவே மேலும் கீழுமாக இரண்டு மங்கலான புள்ளிகள். மணிக்கும் நிமிடத்துக்கும் இடையில் நிற்குமே, அந்தப் புள்ளிகள்! எண்கள் மாறிக்கொண்டே இருந்ததால் அவை இருந்த இடம் லேசாகக் கலங்கியதோடு சரி. ஒரே இடத்தில் அசையாமல் எரிந்த இரண்டும் அழுத்தமாகத் தடம் பதித்துவிட்டன.

நான் தோட்ட ஆபீஸில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தவன். அங்கிருந்த பச்சை எழுத்துக் கணினியை அணைத்த பிறகும் செக்ரோல் என்ற சம்பளக் கணக்குப் படிவத்தின் கோடுகள் கண்ணாடியில் நிழலாகத் தெரியும். அந்தக் காலத்துத் திரைகளில் உள்ளே பூசிய பாஸ்பர் என்ற ஒளிவிடும் பொருள் தேய்ந்து அப்படி ஆகும். அதைத் தடுக்கத்தான், கணினி சும்மா இருக்கும்போது அசையும் படம் காட்டும் ஸ்கிரீன் சேவர் வந்தது. அந்தக் கதை முடிந்துவிட்டதென்று நினைத்திருந்தேன். அம்மாவின் கைப்பேசியில் இருப்பது ஓலெட் திரை. அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளி விடுகிறது. ஒளிவிடும் கரிமப் பொருள் எரிய எரியத் தேய்கிறது, நீலம் மற்ற நிறங்களைவிட விரைவாக. அதிகம் எரிந்த இடம் மற்ற இடத்தைவிட மங்கி நிழலாக நின்றுவிடும், மறுபடி மறையாது. ஐபோன்கள் 2017-இல் ஐபோன் எக்ஸ் வழியாக ஓலெட்டுக்கு மாறத் தொடங்கின. வெகுநேரம் ஒரே படம் நின்றால் இப்படித் தடம் விழலாம் என்று ஆப்பிளே தன் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லியிருக்கிறது. விலை குறைந்த பல கைப்பேசிகளில் இருக்கும் எல்சிடி திரை வேறு வகை. அங்கே பின்னாலிருக்கும் விளக்குதான் ஒளி தருகிறது. நிழல் விழுந்தாலும் பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் போய்விடும். ஆனால் விளக்கு நாளடைவில் மங்கும்.

என்னைப் பயமுறுத்தியது திரை அல்ல, பேட்டரி. பின்மூடி ஓரத்தில் விரிசல்போல் தூக்கியிருந்தது. உள்ளே பேட்டரி உப்பியிருந்தது. திரை எரிந்த சூடு, எந்நேரமும் சார்ஜரில் 100 விழுக்காடு, அதற்கு மேல் எங்கள் தகரக் கூரையின் மதிய வெப்பம். ஐபோனை 0 முதல் 35 பாகை செல்சியஸ் வரையுள்ள இடத்தில் பயன்படுத்தச் சொல்கிறார்கள். தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லயத்து வீட்டுக்குள் இரண்டு மணி வெயிலில் சூடு அந்த அளவில் எங்கே நிற்கும்? லித்தியம் பேட்டரி முழுதாக நிறைந்து சூட்டிலேயே கிடந்தால் உள்ளே வாயு உண்டாகி உப்பும். உப்பியதை அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கலாம். அதை அம்மாவின் தலைமாட்டில் வைத்திருந்தேன் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

பேட்டரியை மாற்றியாகிவிட்டது. திரை மாற்ற 400 ரிங்கிட் கேட்டார்கள், அப்படியே விட்டுவிட்டோம். மணி பார்க்க பசார் மாலாம் இரவுச் சந்தையில் சிவப்பு எண் கடிகாரம் வாங்கினேன். கைப்பேசியில் பூட்டை எடுத்துவிட்டு, கையில் தூக்கினாலே திரை எரியும்படி வைத்திருக்கிறேன். பத்து நிமிடத்தில் தானே அணையும். வெளிச்சம் பாதி. புதிய கைப்பேசிகள் பலவற்றில் 80 விழுக்காட்டோடு மின்னேற்றத்தை நிறுத்தும் வசதி உண்டு, அம்மாவுடையதில் இல்லை. அதனால் காலையில் ஒருமுறை நானே சார்ஜ் போட்டுக் கழற்றிவிடுகிறேன்.

இத்தனையும் கடையில் வாங்கிய அன்றே எங்களுக்குச் சொல்லியிருக்கலாம். திரை ஓலெட்டா எல்சிடியா என்றுகூட யாரும் சொல்லவில்லை, கேட்க எனக்கும் தெரியவில்லை. வயதானவர்களுக்கென்று வாங்க வருகிறவர்களிடம் கடைக்காரர்கள் ஐந்து நிமிடம் ஒதுக்கி இவற்றை அமைத்துக் கொடுக்க வேண்டும். தங்கள் நாளிதழும் வாரம் ஒருமுறை முதியோருக்காகக் கைப்பேசிப் பயன்பாடு பற்றி எளிய தமிழில் எழுதினால், எங்கள் லயத்தில் அதை உரக்கப் படித்துக் காட்ட நான் இருக்கிறேன்.

முன்னாள் தோட்டக் கிராணி,
சுங்கை சிப்புட், பேராக்.