நாற்று விடும் முன் சொல்லுங்கள்

அமெரிக்கக் காங்கிரஸின் இரு அவைகளிலும் உள்ள வேளாண் குழு உறுப்பினர்களுக்கு,

மதிப்பிற்குரியவர்களே, வணக்கம்.

மினசோட்டாவின் செயின்ட் பால் நகரில், இல்லாதவர்களுக்கு உணவு கொடுக்கும் ஓர் இடத்தில் வேலை செய்கிறேன். இந்த மாநிலத்தில் அதை ஃபுட் ஷெல்ஃப் என்பார்கள். சம்பளம் கிடையாது. சனிக்கிழமைதோறும் காய்கறி மேசை என் பொறுப்பு.

உணவு வங்கிகள் உள்ளூர் விவசாயிகளிடம் வாங்குவதற்காகக் கொடுத்துவந்த மானியத்தை வேளாண் துறை 2025 மார்ச்சில் ரத்து செய்தது உங்களுக்குத் தெரியும். சுமார் 42 கோடி டாலர். பள்ளிகளுக்கான 66 கோடியையும் சேர்த்தால் 100 கோடிக்கு மேல். தொகையைப் பற்றிப் பலர் உங்களுக்கு எழுதியிருப்பார்கள். எனக்குச் சொல்ல வேண்டியது அந்த மார்ச் மாதத்தைப் பற்றி.

எங்களுக்குக் கீரை கொண்டுவந்தவர் கரென் இனத்தைச் சேர்ந்த ஒரு பெண்மணி. பர்மாவிலிருந்து தப்பி, தாய்லாந்து எல்லை முகாமில் பல வருடங்கள் இருந்துவிட்டு இங்கே வந்தவர். நகரத்துக்கு வெளியே இரண்டு ஏக்கர் குத்தகை நிலம். புளிச்சக்கீரை, பாகற்காய், மிளகாய், கத்தரி போடுவார். முதல் நாள் அவர் இறக்கிய பெட்டியைத் திறந்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. ஊரில் அம்மா கடைகிற அதே கீரை, அதே சிவந்த தண்டு. கரென் பாட்டிகள் அதை மீன் போட்டுச் சமைப்பார்கள். தெலுங்குக் குடும்பங்கள் கோங்குரா என்று சொல்லி அள்ளிக்கொண்டு போவார்கள். பத்து மணிக்குள் மேசை காலியாகிவிடும்.

மானியம் இருந்ததால் அந்தக் கீரைக்குச் சந்தை விலை கொடுத்தோம். விற்காமல் மிஞ்சியதை அவர் எங்களுக்குத் தானம் செய்யவில்லை. எங்களுக்கென்றே விளைவித்தார். குளிர்காலத்திலேயே இத்தனை பெட்டி, இன்ன விலை என்று பேசிவிடுவோம். அந்தப் பேச்சை நம்பித்தான் விதை வாங்குவார்.

மினசோட்டாவில் மே பாதி வரைக்கும் உறைபனி விழும். புளிச்சக்கீரையோ வெயில் கேட்கிற செடி. மார்ச்சிலேயே உள்ளே விளக்குப் போட்டு, தட்டுகளில் நாற்று விட்டால்தான் ஜூலையில் கிள்ள முடியும். மானியம் நின்றுபோன செய்தி வந்தபோது அவருடைய தட்டுகளில் விதை முளைத்திருந்தது. அடுத்த சனிக்கிழமை மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். மகன் மொழிபெயர்க்க, ஒன்றே ஒன்று கேட்டார்: "எத்தனை தட்டு வைத்துக்கொள்ளட்டும், எத்தனை தட்டைக் கொட்டட்டும்?"

எங்களிடம் பதில் இல்லை. அவர் சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

பாதி நாற்றைக் கொட்டிவிட்டார். மீதியை நட்டு, உழவர் சந்தையில் விற்றுப் பார்த்தார். சந்தை நாளில் மழை பிடித்துக்கொண்டால் வியாபாரம் போச்சு. கிள்ளிய கீரை மறுநாள் வரைக்கும் தாங்காது. ஆகஸ்டில் ஒரு பாத்தியை, இலை தளதளவென்று இருக்கும்போதே, மடக்கி உழுதுவிட்டார். அதே வாரம் எங்கள் மேசையில் டின் பீன்ஸும் பாஸ்தாவும்தான் இருந்தன. வரிசையில் அறுபது பேருக்கு மேல் நின்றார்கள். பதினைந்து மைல் தூரத்தில் விளைந்து நின்ற கீரை மண்ணுக்குப் போனது. அந்த வரிசைக்கு முன்னால் நின்ற எனக்கு, இதை என்னவென்று சொல்வது என்று இன்னும் தெரியவில்லை.

நான் கேட்பது இதைத்தான். உள்ளூரில் வாங்குவதற்கான இந்த மானியத்தைச் சட்டமாக்குங்கள். ஒவ்வோர் ஆண்டும் எவ்வளவு என்பதை விவசாயி நாற்று விடும் முன் சொல்லிவிடுங்கள். சொன்ன பிறகு நிறுத்தாதீர்கள்.

இது கோவிட் காலத்துத் திட்டம், அந்தக் காலம் முடிந்துவிட்டது என்று துறை சொல்கிறது. 2021-ல் தொடங்கியது உண்மைதான். ஆனால் இன்று எங்களுக்கு டின் உணவு அனுப்புகிற கூட்டரசு அவசர உணவுத் திட்டம் எப்படி வந்தது? 1980களின் தொடக்கத்தில், அரசுக் கிடங்குகளில் தேங்கிய சீஸை என்ன செய்வது என்று தெரியாமல் ஆரம்பித்தது. பெயரிலேயே "தற்காலிக" என்று இருந்தது. 1990-ல் அந்தச் சொல்லை எடுத்துவிட்டது உங்கள் காங்கிரஸ்தான். தேவை தீரவில்லை என்று அன்றைக்கு உங்கள் முன்னோடிகளுக்குப் புரிந்தது. இன்றைக்கும் தீரவில்லை. வேளாண் துறையின் கணக்குப்படியே 2023-ல் 1.8 கோடி வீடுகளில் சாப்பாட்டுக்கு உத்தரவாதம் இல்லை.

அந்தக் கணக்கெடுப்பையும் இனி எடுக்கப்போவதில்லை என்று செப்டம்பரில் அறிவித்துவிட்டார்கள். எண்ணுவதை நிறுத்தினால் பசித்தவர்கள் குறைந்துவிடுவார்களா? அப்புறம், நீங்கள் செலவு மசோதாவில் ஒத்துப்போகாததால் கூட்டரசு முடங்கிய 43 நாட்கள். வருமானம் குறைந்த 4.2 கோடிப் பேர் நம்பியிருக்கிற ஸ்னாப் என்ற அரசு உணவு உதவி நவம்பர் முதல் தேதி வரவில்லை. அன்று எங்கள் வாசலில் நின்றவர்களில் அரசு அலுவலக அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியபடியே வந்த ஒரு அம்மாவும் இருந்தார். எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உங்கள் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று நான் கேட்கவில்லை. அந்தச் சண்டையைத் தீர்க்கிற வரைக்கும் அவர் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும், அவ்வளவுதான்.

கோபத்தில் விஷயத்தை விட்டுவிட்டேன், மன்னியுங்கள்.

இந்த மானியத்தில் வாங்கியது எல்லாம் அதே மாநிலத்தில், அல்லது 400 மைலுக்குள் விளைந்தது. ஒரே டாலர் விவசாயிக்குக் குத்தகையாகவும் பசித்தவருக்குக் கறியாகவும் ஆனது. பழங்குடி அரசுகளுக்கும் இதில் பங்கு இருந்தது. இதைச் சட்டமாக்குவதற்கு இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்து மசோதா கொண்டுவந்திருக்கிறீர்கள். அதற்கு என் மனமார்ந்த நன்றி. அதைக் கிடப்பில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

இந்த மடலை ஆங்கிலத்தில் உங்களுக்கு அனுப்பிவிட்டேன். தமிழிலும் எழுதுவது, இங்கே வாக்குரிமை உள்ள எங்கள் மக்கள் படித்துவிட்டு அவரவர் உறுப்பினரின் அலுவலகத்தைக் கூப்பிட்டு இதையே கேட்க வேண்டும் என்பதற்காக.

இப்போது டிசம்பர். இன்னும் சில வாரங்களில் அந்தப் பெண்மணி விதைக்குப் பணம் கட்ட வேண்டும். போன வாரம் என்னிடம் திரும்பவும் கேட்டார், இந்த முறை எத்தனை தட்டு என்று. மார்ச்சுக்கு முன்னால் அவருக்கு ஓர் எண்ணைச் சொல்ல எனக்கு வழிசெய்யும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
காய்கறி மேசைத் தன்னார்வலர்
செயின்ட் பால், மினசோட்டா
டிசம்பர் 2025