வாயை மூடக் கற்றுக்கொடுத்தவர்களுக்கு

வணக்கம். நன்றி மடல் எழுதப்போகிறேன் என்றதும் மகன் இரண்டு நிபந்தனை போட்டான். யார் பெயரும் வரக்கூடாது. அவன் "திருந்திவிட்டான்" என்று எழுதக்கூடாது. இரண்டுக்கும் சரி என்று சொல்லிவிட்டேன். படிக்கும்போது நீங்கள் யாரென்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

நான் ஷிப்ட் வேலை பார்ப்பவன். வீடு சிங்கப்பூரில், உட்லண்ட்சில். மகனுக்கு 15 வயது, உயர்நிலை மூன்று. பையில் மின்சிகரெட்டோடு பிடிபட்டான். 2025 செப்டம்பர் 1இலிருந்து தண்டனையைக் கூட்டிவிட்டார்கள். 18 வயதுக்குக் கீழே, முதல் முறை என்றால் அப்போது 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம். பணத்தைக் கட்டிவிட்டோம். ஆனால் வீட்டுக்குள் பேச்சு நின்றுபோனது. நான் வாயைத் திறந்தால் கத்துவேன், அவன் அறைக்கதவைச் சாத்துவான். நடுவில் மனைவியும் சின்னவளும் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். அப்புறம் பள்ளிக்கு மட்டம் போடுவதும் தொடங்கியது.

குடும்பச் சேவை நிலையத்துக்கு எங்களை அனுப்பிவைத்த பள்ளி ஆலோசகருக்கு முதல் நன்றி. "கூட்டிட்டுப் போங்க"ன்னு என்னிடம் சொல்லாமல், "வர உனக்குச் சம்மதமா?" என்று அவனைக் கேட்டீர்கள். அதுவே எனக்கு அப்போது பிடிக்கவில்லை. பதினைந்து வயசுப் பையனிடம் என்ன சம்மதம் என்று நினைத்தேன்.

இனி அந்தச் சமூக ஊழியருக்கு. அம்மா, உங்களை முதலில் பார்த்தபோது, இந்தச் சின்னப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்றுதான் நினைத்தேன். மன்னிக்க வேண்டும். அரைமணி நேரம் அவனிடம் பந்து விளையாட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தீர்கள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு கேள்வி கேட்டீர்கள். "இதை விடுறது உனக்கு எவ்வளவு முக்கியம்? 0 முதல் 10 வரைக்கும் ஒரு நம்பர் சொல்லு."

"மூணு" என்றான்.

எனக்குத் தலைக்கு ஏறியது. 500 வெள்ளி கட்டியிருக்கிறேன், அம்மா தூங்காமல் கிடக்கிறாள், இவனுக்கு மூணாம்! வாயைத் திறக்கப் போனேன். நீங்கள் என் பக்கம் திரும்பாமலே கையை லேசாக உயர்த்தினீர்கள். அவனிடம், "ஒண்ணு சொல்லாம மூணு சொன்னதுக்கு என்ன காரணம்?" என்றீர்கள்.

ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். நீங்களும் பேசவில்லை. கடைசியில், "ஓடுனா மூச்சு வாங்குது. டீம்ல இருந்து எடுத்துடுவாங்க போல" என்றான். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "தங்கச்சி ஒருநாள் பார்த்துட்டா" என்றான். இந்த இரண்டும் எங்களுக்கு அதுவரை தெரியாது. (இந்தப் பத்தியைப் படித்துவிட்டு, "மூணு இல்லப்பா, ரெண்டரை சொன்னேன்" என்கிறான். நான் மாற்றப்போவதில்லை.)

வெளியே வந்ததும் உங்களிடம் சண்டைக்கு வந்தேன். ஏன் எட்டு சொல்லவில்லை என்றல்லவா கேட்டிருக்க வேண்டும் என்றேன். நீங்கள் பொறுமையாகச் சொன்னது இன்னும் மறக்கவில்லை. "ஏன் எட்டு இல்லைன்னு கேட்டா, விட முடியாததுக்கான காரணத்தையெல்லாம் அவனே அடுக்குவான் அங்கிள். சொல்லச் சொல்ல அது அவனுக்கே உறுதியாயிடும். ஏன் ஒண்ணு இல்லைன்னு கேட்டா, விடுறதுக்கான காரணம் அவன் வாயிலிருந்தே வரும்." அவனுக்குள் இரண்டு மனசு இருக்கிறது, நீங்கள் ஒரு பக்கம் தள்ளினால் அவன் மறுபக்கம் போய் நிற்பான் என்றீர்கள். 'இரண்டு மனசாக இருக்கிறது' என்று நாமே தினமும் சொல்கிறோம். ஆனால் பெற்ற பிள்ளைக்கும் அப்படி இருக்கும் என்று எனக்குத் தோன்றியதில்லை.

இந்த முறைக்கு ஊக்கமூட்டும் நேர்காணல் என்று பெயர் சொன்னீர்கள். பெயர் என்னவோ வேலைக்கு ஆள் எடுப்பதுபோல இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் நார்வேக்குப் போயிருந்தபோது, அங்கிருந்த இளம் உளவியலாளர்கள் அவரை நடுநடுவே நிறுத்தி 'ஏன் இதைக் கேட்டீர்கள், ஏன் அதை விட்டீர்கள்' என்று துளைத்தார்களாம். அதற்குப் பதில் சொல்லப்போய் உருவானதை 1983இல் கட்டுரையாக எழுதினார். முதலில் குடிப்பழக்கம் உள்ளவர்களுக்காக வந்தது. பிறகு ஸ்டீபன் ரோல்னிக் என்பவரோடு சேர்ந்து வளர்த்தார். இதையெல்லாம் நீங்கள் சொன்னதே என் நச்சரிப்பைத் தாங்காமல்தான் என்று நினைக்கிறேன்.

பெற்றோருக்கான அந்தச் சனிக்கிழமை வகுப்புக்கும் நன்றி. என்னோடு ஜோடி சேர்ந்த அண்ணனுக்குத் தனியாக ஒன்று. "நீங்க மாத்திக்கணும்னு நினைக்கிற ஒண்ணைச் சொல்லுங்க" என்றார்கள். நான் சிகரெட்டைச் சொன்னேன். ஆமாம், நானும் பிடிப்பவன்தான். எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே, யாரும் பார்க்காத நேரத்தில். அண்ணனின் வேலை எனக்கு விடாமல் புத்திமதி சொல்வது. நிக்கோட்டின் கம் மெல்லு என்றார், பிள்ளைகளை நினை என்றார், நடக்கப் போ என்றார். ஒவ்வொன்றுக்கும் நான் "ஆனா" என்று ஆரம்பித்தேன். ஐந்து நிமிடத்தில் பதினோரு "ஆனா" என்று எண்ணி வைத்திருந்தார். விட வேண்டும் என்று நினைத்தவன், விட முடியாது என்று வாதாடிக்கொண்டிருந்தேன். பிறகு அவர் புத்திமதி சொல்லாமல் நான் சொன்னதையே வேறு வார்த்தையில் திருப்பிச் சொன்னார். "சின்னவ முகத்தைப் பார்க்க முடியல உங்களுக்கு." அவ்வளவுதான். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அங்கே கற்ற இன்னொன்றையும் சொல்ல வேண்டும், தமிழில் பேசும் பெற்றோருக்கு உதவும். "கோபமா இருக்கியா?" என்றால் அது விசாரணை, பையன் "இல்ல" என்பான், கதை முடிந்தது. அந்தக் கடைசி 'ஆ'வை எடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "கோபமா இருக்கே" என்று சொன்னால் பதில் வேறு மாதிரி வருகிறது. தப்பாகச் சொல்லியிருந்தால்கூட, "கோபம் இல்ல, வெட்கமா இருக்கு" என்று அவனே திருத்துகிறான். ஒரு எழுத்துதான். பழக எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.

தகவல் சொல்வதற்கும் ஒரு வரிசை வைத்திருந்தீர்கள். "உனக்கு என்ன தெரியும்?" என்று முதலில் கேட்டீர்கள். அபராதம் முதல், கேபாட் என்கிற போதை மின்சிகரெட்டில் இருக்கும் எட்டோமிடேட் மயக்க மருந்து வரை எல்லாம் சொன்னான். நான் இரவெல்லாம் தேடிப் படித்து வைத்திருந்தது அதில் பாதிகூட இல்லை. விட்டுப்போனதை, "நான் ஒண்ணு சொல்லட்டுமா?" என்று அனுமதி கேட்டுச் சொன்னீர்கள். பிறகு "உனக்கு என்ன தோணுது?" என்று நிறுத்திவிட்டீர்கள்.

எப்போதும் இப்படியே மென்மையாக இருந்தீர்கள் என்றும் யாரும் நினைக்க வேண்டாம். ஓர் இரவு இரண்டு மணி ஆகியும் அவன் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. உங்களை அழைத்தோம். திருப்பிச் சொல்வதெல்லாம் கிடையாது. "உடனே போலீசுக்குச் சொல்லுங்க, எதைச் சொல்லணும்னு நான் சொல்றேன்" என்றீர்கள். ஆபத்து என்றால் வேறு பேச்சு என்பதையும் அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

வகுப்புக்குப் போக ஷிப்ட் மாற்றிக்கொடுத்த சூப்பர்வைசருக்கு நன்றி. விடிகாலையில் அவனைத் திடலுக்கு வரச்சொல்லி, ஒன்றும் கேட்காமல் கூடவே ஓடிய பயிற்றுநருக்கு நன்றி. எனக்கு முன்பே இப்படிக் கேட்கத் தெரிந்திருந்த மனைவிக்கு நன்றி சொன்னால், "இப்பவாவது" என்பாள்.

போன மாதம் ஒருநாள் மறுபடி இழுத்துவிட்டான். அவனே வந்து சொன்னான். "சொல்றதுக்குக் கஷ்டமா இருந்திருக்கும்" என்றேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வரவில்லை. அவன் உட்கார்ந்து பேசினான்.

பக்கத்து வீட்டு மக்சிக்குக்கு (மலாய் அத்தைக்கு): நாங்கள் நிலையத்துக்கு ஓடிய நாட்களில் சின்னவளுக்கு நீங்கள் சோறு கொடுத்தனுப்பிய இரண்டு டப்பா இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. காலியாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்று மனைவி பிடிவாதமாக இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மகன் கொண்டுவருவான். வாசலில் நிற்கவைத்துப் பந்து விளையாட்டைப் பற்றிக் கேளுங்கள், விடமாட்டான்.