பன்னிரண்டு காசு

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான், குளிர் இறங்கினால் கூடும் என்று உனக்கே தெரியும். ஈளாடா வீட்டுக் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. எல்லோரும் உன்னைத்தான் கேட்டார்கள். படிக்கிறாள் என்று சொன்னோம். நேரத்துக்குச் சாப்பிடு.

நீ விட்டுப்போன கோடு போட்ட நோட்டில் அந்தப் பன்னிரண்டு காசுக் கணக்கு பாதியில் நிற்கிறது. பார்வைக்கு ஒரே மாதிரி பன்னிரண்டு காசு, அதில் ஒன்று மட்டும் எடையில் வேறு. கனமா லேசா என்பதும் தெரியாது. மூன்றே தடவை தராசில் நிறுத்து, அது எந்தக் காசு, கனமா லேசா என்று சொல்ல வேண்டும். நீ முதலில் ஆறும் ஆறுமாக வைத்து, அதற்குமேல் நகராமல் அடித்துவிட்டிருக்கிறாய். ராத்திரி ஒரு ரூபாய்க் காசுகளைப் பரப்பிக்கொண்டு நான் அதைத்தான் பார்க்கிறேன். அம்மா விளக்கை அணை என்கிறாள்.

இலை நிறுக்கிற ஷெட்டில் இப்போது எலக்ட்ரானிக் தராசு. சாக்கைத் தூக்கி வைத்தால் எண் வந்துவிடும், சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்து எழுதினால் வேலை முடிந்தது. தாத்தா கடைத் தட்டுத் தராசு எண் சொல்லாது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், சமம் என்று மூன்றே பதில். மூன்று தடவை நிறுத்தால் 27 விதமாகப் பதில் வரலாம். பன்னிரண்டில் எந்தக் காசும் கனமாகவோ லேசாகவோ இருக்கலாம் என்பதால் சந்தேகம் 24. ஆக இடம் இருக்கிறது, ஆனால் தாராளமாக இல்லை. ஆறும் ஆறும் வைத்தால் தராசு கட்டாயம் சாயும். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் 12 சந்தேகம் மிச்சம். பாக்கி இரண்டு தடவையில் ஒன்பதைத்தான் பிரிக்க முடியும். நீ அங்கேதான் மாட்டிக்கொண்டாய், வேறு எங்கும் இல்லை.

நாலும் நாலும் வை, நாலை ஓரமாக வை. சமமாக நின்றால் தடவை வீணாகிவிட்டது என்று நினைக்காதே. எட்டும் நல்ல காசு என்று தெரிந்துவிட்டது. ஓரமாக வைத்ததில் மூன்றை எடுத்து மூன்று நல்ல காசோடு நிறு. சாய்ந்தால் கனமா லேசா என்பது தெரிந்துவிடும், அந்த மூன்றில் இரண்டை எதிரெதிரே வைத்தால் முடிந்தது. சமமாக நின்றால் மிஞ்சிய ஒன்றுதான், அதை ஒரு நல்ல காசோடு நிறுத்தால் கனமா லேசா என்பதும் தெரியும்.

முதல் தடவையே சாய்ந்தால்தான் கஷ்டம். இடது பக்கம் 1 முதல் 4, வலது பக்கம் 5 முதல் 8, இடது தாழ்ந்தது என்று வை. இப்போது இடதில் 1, 2, 5. வலதில் 3, 4, 6. ஏழும் எட்டும் வெளியே. சமம் என்றால் ஏழு, எட்டில் ஒன்று லேசு. இடது தாழ்ந்தால் ஒன்றோ இரண்டோ கனம், இல்லாவிட்டால் ஆறு லேசு. ஒன்றையும் இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பார், சமமானால் ஆறுதான். வலது தாழ்ந்தால் மூன்றையும் நாலையும் அதேபோல் பார், சமமானால் ஐந்து. காசைத் தட்டு மாற்றி வைக்கலாம் என்று தோன்ற எனக்கு நெடுநேரம் ஆனது. அது பிடிபட்ட ராத்திரி உன்னைக் கூப்பிட்டேன். நீ எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. தில்லியில் இருக்கிற உன் சித்தப்பா மகன்கூட வாரம் ஒரு தரம் அம்மாவிடம் பேசுகிறான்.

1946-லேயே ஃப்ரீமன் டைசன் என்ற இயற்பியல் விஞ்ஞானி இதைப் பொதுவாகத் தீர்த்து எழுதியிருக்கிறார். அப்போது அவருக்கு 22 வயது. நாலு தடவை நிறுத்தால் 39 காசு வரைக்கும் முடியும். மூன்று தடவையில் பதிமூன்று காசு என்றால் எது வேறு என்று கண்டுபிடித்துவிடலாம், ஆனால் கனமா லேசா என்று எப்போதும் சொல்ல முடியாது. ஏன் என்று யோசித்து வை.

நீ யோசிப்பாய். எட்டாம் வகுப்பில், ஒன்பது காசில் கனமான ஒன்றை இரண்டே தடவையில் கண்டுபிடிக்கிற கணக்கை யாரும் சொல்லித்தராமல் மூன்று மூன்றாகப் பிரித்துப் போட்டவள் நீ. தாத்தா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். குரூப் 2 தாளில் 200 கேள்விக்கு மூன்று மணி நேரம், அதில் திறனறிவு 25. ஒரு கேள்விக்கு ஒரு நிமிஷம்கூட இல்லை. சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர்களுக்கு அது போதும். நீ யோசிக்கிறவள். யோசிக்கிற பிள்ளையின் அளவு அந்தக் கடிகாரத்தில் தெரியாது என்றுதான் நான் நினைக்கிறேன், யார் என்ன சொன்னாலும்.

பஸ் ஸ்டாண்டில் ஒருவர் ரிசல்ட் வந்துவிட்டதாமே என்றார். தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். உன் நம்பர் என்னிடம் இருக்கிறது. பார்க்கவில்லை, பார்க்கவும் மாட்டேன். நான் அதைக் கேட்க எழுதவில்லை. "நல்லாருக்கேன்பா, அப்புறம் பேசறேன்" என்று நீ போன தடவை சொன்ன குரல் எனக்குப் பயமாக இருக்கிறது. பகலில் இலை நிறுக்கும்போதும் அதுதான் காதில் இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, அம்மிணி. அம்மாவிடம் சொல்லவில்லை. சாப்பிடுகிறாயா? ராத்திரி பட்டினி படுக்காதே.

நீலகிரி எக்ஸ்பிரஸில் இடம் கிடைக்காவிட்டால் கோயம்புத்தூர் வரைக்கும் எந்த ரயிலிலாவது வா. மேட்டுப்பாளையத்தில் நான் வந்து நிற்கிறேன், கோத்தகிரி பஸ்ஸில் ஒன்றாக ஏறலாம். எந்த நாள் என்று மட்டும் ஒரு வரி மெசேஜ் போடு. எதற்கு வந்தாய் என்று வீட்டில் யாரும் கேட்க மாட்டோம். ஸ்வெட்டர் எடுத்துக்கொள், இங்கே இருந்ததை அம்மா உன் அத்தை மகளுக்குக் கொடுத்துவிட்டாள்.

அப்பா