அது ஜோக்கர் மியூசிக் இல்ல மச்சான்

மச்சான்,

நீ ஸ்டேட்டஸ்ல வெச்ச வீடியோவுல, சர்க்கஸ்ல கோமாளி வர்றப்ப போடுற அந்த வேகமான ட்யூனப் போட்டு "ஜோக்கர் மியூசிக்"னு எழுதியிருந்தல்ல, அதுக்குத்தான் இந்தக் கடிதம், ரெண்டு வரி ரிப்ளைல சொல்லி முடியாது. அந்த ட்யூன் எழுதுனப்போ ஜோக்கருக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. யூலியுஸ் ஃபூச்சீக்னு ஒரு செக் இசையமைப்பாளர், பிராக்ல 1872ல பொறந்தவர், 1897ல போஸ்னியாவோட சரயேவோவுல ஆஸ்திரிய-ஹங்கேரி ராணுவத்தோட 86வது காலாட்படை ரெஜிமெண்ட்டுக்கு பேண்ட் மாஸ்டரா இருந்தப்ப எழுதுனது, வயசு 25தான். மார்ச்னா படை நடக்குறதுக்கு வாசிக்குற இசை; இதுக்கு முதல்ல வெச்ச பேரு 'கிராண்ட் க்ரோமாட்டிக் மார்ச்', அப்புறம்தான் அது 'கிளாடியேட்டர்களின் வருகை' ஆச்சு.

க்ரோமாட்டிக்னா, பியானோவுல வெள்ளை கருப்புன்னு ஒரு கட்டையும் விடாம அரை அரை ஸ்வரமா ஏறுறது, எறங்குறது. அத பியானோவுல வாசிச்சிடலாம், ஆனா பித்தளை வாத்தியத்துல அவ்வளவு வேகத்துல வாசிக்கணும்னா வால்வ் நல்லா இருக்கணும், விரலும் ஓடணும். மேல ட்ரம்பெட் வாசிச்ச அதே மாதிரி ஓட்டத்த அடுத்த பகுதியில கீழ இருக்குற கனத்த வாத்தியங்க எடுத்துக்கும், அந்த எடத்த மட்டும் தனியா கேளு. அப்புறம் லூயி ஃபிலிப் லோராண்டோன்னு ஒரு கனடாக்காரர் இத சின்ன பேண்டுக்கு மாத்தி 'தண்டர் அண்ட் பிளேசஸ்'னு வேற பேருல விட்டாரு, சர்க்கஸ்காரங்க புடிச்சிக்கிட்டாங்க, வேகத்த ஏத்துனாங்க, கம்பீரம் போயிடுச்சு. எனக்கு அதுல ரொம்ப வருத்தம்டா.

ஏன்னா ஃபூச்சீக் சும்மா தட்டிக்கொட்டுற ஆளு கிடையாது. பிராக் கன்சர்வேட்டரிங்குற இசைக் கல்லூரியில பஸூன், அதாவது அடிக்குரல்ல ஊதுற நீளமான மர வாத்தியம், படிச்சாரு, பெரிய பெரிய சிம்பொனி எழுதுன துவோர்ஷாக்கிட்டயே காம்போசிஷன் கத்துக்கிட்டாரு. ராணுவத்துல சேந்ததும் ஆஸ்திரியாவுல க்ரெம்ஸ்ங்குற ஊர்ல யோசஃப் வாக்னரோட பேண்ட்ல வாசிச்சாரு, அவரும் பெரிய மார்ச்காரர்தான். ஃபூச்சீக் மொத்தம் 400க்கும் மேல எழுதியிருக்காரு, நமக்குத் தெரிஞ்சது ஒன்னே ஒன்னு.

புடாபெஸ்ட்ல இருந்தப்ப 1907ல எழுதுன 'ஃப்ளோரண்டைனர் மார்ச்' கேட்டிருக்கியா? ட்ரம்பெட் முழக்கத்தோட ஆரம்பிக்கும், நடுவுல ட்ரியோன்னு சொல்ற பகுதியில ஒரு நீளமான மெலடி வரும் பாரு, அவசரமே இல்லாம அது பாட்டுக்குப் போகும், ரெண்டாவது தடவ வரும்போது அது மேலயே பிக்கலோங்குற குட்டிப் புல்லாங்குழல் துள்ளிக்கிட்டு ஓடும். நான் கேட்ட மார்ச்லயே ஒசத்தி இதுதான், யார் வந்து சண்ட போட்டாலும் மாத்திக்க மாட்டேன்.

1913ல ராணுவத்த விட்டுட்டு பெர்லின் போயி சொந்தமா ஆர்கெஸ்ட்ரா, சொந்தமா பப்ளிஷிங்னு ஆரம்பிச்சாரு. அடுத்த வருஷமே உலகப் போர். 1916 செப்டம்பர்ல அங்கயே செத்துட்டாரு, 44 வயசு, அடக்கம் பண்ணது பிராக்ல.

தேடும்போது ஒன்னு, அதே பேருல ஒரு பத்திரிகையாளரும் வருவாரு, நாஜிங்க 1943ல கொன்னவரு, அவரு இவரோட அண்ணன் தம்பி வழிப் பையன், குழப்பிக்காத. ரெக்கார்டிங்ல பழசுன்னா வாட்ஸ்லாவ் நாய்மன் நடத்துன செக் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா, புதுசுன்னா நேமே யார்வி ராயல் ஸ்காட்டிஷ் நேஷனல் ஆர்கெஸ்ட்ராவ நடத்தி 2015ல கொண்டுவந்தது. யார்வி டிஸ்க்ல 'டெர் ஆல்டே ப்ரும்பேர்'னு ஒரு போல்கா, அதாவது துள்ளலான நடன இசை, இருக்கு, பஸூனுக்குன்னே எழுதுனது, எப்பவும் முணுமுணுக்குற கிழவரப் பத்துனது. தான் வாசிச்ச வாத்தியத்துக்கு எவ்வளவு ஆசையா எழுதியிருக்காருன்னு அதுல தெரியும். போன் ஸ்பீக்கர்ல வேணாம், அடி சத்தம் வராது, ஹெட்போன் போட்டுக் கேட்டுட்டு ராத்திரி கூப்புடு.